அயல்நாட்டில் இரண்டாவது வேலை

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இவ்வாசகசாலையின் காரியதரிசி அவர்கள் என்னிடம் வந்து, "வெளிநாட்டில் வேலை தேடுவது எப்படி" என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அதற்கு நான் ஒரு சிறு திருத்தம் சொன்னேன். வெளிநாட்டுக்குப் போவதற்காக முதல் வேலை தேடுவதைப் பற்றி இவ்வூரில் ஒருவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. டீக்கடையில் சொல்லுகிறார்கள்; ஏஜண்டு சொல்லுகிறான்; கலியாணப் பந்தியில் சொல்லுகிறார்கள்; பெண் கொடுக்க வருகிறவர்களும் சொல்லுகிறார்கள். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலை சரிப்படாமல், அந்த நாட்டில் இருந்துகொண்டே வேறு வேலை தேட வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதை மாத்திரம் ஒருவரும் சொல்லுவதில்லை. ஏன் சொல்லுவதில்லை என்றால், அப்படி ஒரு நிலைமை வரும் என்று நினைப்பதையே அபசகுனமாய்க் கருதுகிறார்கள். விமானம் ஏறப் போகிறவனிடம் கெட்ட வார்த்தை பேசலாமா என்கிறார்கள். பேசாததனால் வந்த நஷ்டம் எவ்வளவு என்பதை நான் என் அனுபவத்தில் கண்டிருப்பதால், இன்று அந்தக் கெட்ட வார்த்தையையே பேசலாமென்று வந்திருக்கின்றேன்.

தோழர்களே! உள்ளூரில் வேலை மாறுவது எப்படி? ஒரு கடையில் சம்பளம் கட்டவில்லையென்றால் கணக்கைத் தீர்த்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறோம். முதலாளி கோபித்துக்கொள்ளலாம், ஆனால் "நீ இவ்வூரிலேயே இருக்கக் கூடாது" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. அயல்நாட்டில் சங்கதி வேறு. அங்கே நமக்கு வேலை இருப்பதனால்தான் அந்த நாட்டில் இருக்கவே உத்தரவு இருக்கிறது. அந்த உத்தரவும் நம் பேரில் இருப்பது போல் தோன்றினாலும், உண்மையில் ஒரு முதலாளியின் பேரோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. அரபு நாடுகளில் அந்த முதலாளிக்குக் கபீல் என்று பெயர். ஏற்பாட்டுக்குக் கபாலா என்று பெயர். சிங்கப்பூரில் வொர்க் பர்மிட் என்கிறார்கள். அமெரிக்காவில் படித்தவர்களுக்கு எச்-1பி என்கிறார்கள். பெயரும் சட்டமும் வேறு வேறு. ஆனால் வேலை போனால் வீடும் போகும், நாடும் போகும் என்கிற முடிச்சு எல்லாவற்றிலும் ஒன்றே. ஆகவே அயல்நாட்டில் வேறு வேலை தேடுகிறவன் வேலையை மாத்திரம் தேடவில்லை. நிற்பதற்கு இடத்தையும் சேர்த்துத் தேடுகிறான்.

என் கதையைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். நான் 2007-ம் வருஷத்தில் குழாய் பொருத்துகிற வேலைக்காகச் சவூதி அரேபியாவில் ஜுபைலுக்குப் போனேன். இங்கே காட்டிய காகிதத்தில் 1,200 ரியால். அங்கே போய் இறங்கிய பின் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் 900 ரியால். அந்தக் காகிதம் அரபியில் இருந்தது. எனக்கு அரபி தெரியாதென்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். ஏனென்றால் இங்கே வட்டிக்கு வாங்கிய கடன் எனக்கு நன்றாய்த் தெரியும். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. நான்கு வருஷம் கழித்து, பக்கத்து வேலைத்தளத்து மேற்பார்வையாளர் ஒருவர் என் வேலையைப் பார்த்து 1,600 ரியால் தருவதாய்ச் சொன்னார். போகலாமென்றால் என் கம்பெனியின் ரிலீஸ் கடிதம் வேண்டும். அதைக் கேட்கப் போனபோது அந்த ஆபீசில் ஒருவர், 5,000 ரியால் கட்டு என்றார். கட்டவில்லை. வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து, மறுபடியும் ஏஜண்டுக்குப் பணம் கட்டி, புது விசாவில், அதே ஜுபைலுக்கு, முன் இருந்த கம்பெனிக்கு இரண்டு மைல் தள்ளி வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு மைல் போவதற்கு நான் கடல் தாண்டி வந்து கடல் தாண்டிப் போனேன், தோழர்களே! அதற்கு ஆன செலவு ஒன்றேகால் லட்சம் ரூபாய். நம் சர்க்கார் விதிப்படி பதிவு பெற்ற ஏஜண்டு தொழிலாளியிடம் வாங்கக் கூடிய கூலி இன்று 30,000 ரூபாயும் அதன்மேல் வரியுந்தான் என்பதையும் இத்துடன் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அப்போது என் தாயார் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சனி பார்வை, திருநள்ளாறு போய் வா" என்றார்கள். என்னோடு தங்கியிருந்த கேரளத் தோழர் ஒருவர் சார்ஜாவிலிருந்த ஜோசியனுக்குப் போன் போட்டு, எப்போது ரிலீஸ் கிடைக்குமென்று கேட்டார். ஜோசியன் தை மாதம் என்றான். எந்த வருஷத்துத் தை என்று சொல்லவில்லை. நான் கேட்பது என்னவென்றால், ரிலீஸ் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் கம்பெனி மானேஜரா, சனீஸ்வரனா? சனி காரணமானால் 2021-ம் வருஷம் மார்ச்சு மாதம் 14-ந் தேதி சவூதியில் இலட்சக்கணக்கான தொழிலாளிகளுக்கு ஒரே நாளில் சனி விலகிவிட்டதா? அன்றைக்கு விலகினது சனி அல்ல, ஒரு சட்டம். அன்று முதல், ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் முடித்த தொழிலாளி, 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, பழைய முதலாளியின் சம்மதமில்லாமலே வேறு முதலாளியிடம் மாறிக்கொள்ளலாமென்று அந்த சர்க்கார் ஏற்பாடு செய்தது. மனிதன் போட்ட முடிச்சை மனிதனே அவிழ்த்தான். இன்னும் முழுவதும் அவிழ்க்கவில்லை என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

இந்த ரிலீஸ் கடிதம் என்பது புதிதாய் அரபிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். நம் பாட்டன் பூட்டன்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனபோது இதற்குத் "துண்டு" என்று பெயர். கங்காணியிடம் வாங்கிய முன்பணம், கப்பல் செலவு, அரிசி எல்லாம் கூலியின் தலையில் கடனாய் ஏறும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் காகிதந்தான் துண்டு. அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டினால் ஆட்கள் அங்கே போவார்கள். கடனும் கூடவே போகும். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் விற்கிறோம் என்று சொன்னார்கள். முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுப் போனால் ஜெயில் தண்டனையும் இருந்தது. இந்தத் துண்டு முறை 1921-ம் வருஷச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒழிந்து சரியாகத் தொண்ணூறு வருஷம் கழித்து, 2011-ல், என்னிடம் 5,000 ரியால் கேட்டார்களே, அதற்கு வேறு என்ன பெயர்?

நிற்க. இப்போது எந்த நாட்டில் என்ன வழி இருக்கிறதென்பதைச் சொல்லுகிறேன். கத்தார் நாட்டில் 2020-ம் வருஷத்தில் செய்த சட்டத்தால் ஆட்சேபணையில்லை என்கிற கடிதம் வேண்டியதில்லை என்றாகிவிட்டது. இரண்டு வருஷம் வரையில் வேலை செய்தவன் ஒரு மாதமும், அதற்கு மேற்பட்டவன் இரண்டு மாதமும் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். வீட்டு வேலைக்காரர்களுக்கும் அது உண்டு. ஓமனில் 2021 ஜனவரி முதல், ஒப்பந்தம் முடிந்தவன் அந்தக் கடிதமில்லாமலே மாறலாம். சவூதிச் சட்டத்தைச் சொன்னேன். அதில் மூன்று மாதம் சேர்ந்தாற்போல் சம்பளம் கொடுக்காவிட்டாலும், தங்கும் உத்தரவாகிய இக்காமாவைப் புதுப்பிக்காமல் காலாவதியாக விட்டாலும், ஒரு வருஷம் காத்திருக்காமலே மாற இடமுண்டு. இந்த மாற்றமெல்லாம் இப்போது கிவா என்கிற சர்க்கார் வலைத்தளத்தில் நடக்கிறது, போனிலேயே பார்க்கலாம்.

ஆனால் அதே 2021-ம் வருஷத்துச் சவூதிச் சீர்திருத்தம் வீட்டு வேலைக்காரர்களையும், வீட்டு டிரைவர்களையும், தோட்டக்காரர்களையும், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர்களையும் வெளியே நிறுத்திவிட்டது. பாருங்கள் இந்த நியாயத்தை! ஆயிரம் பேரோடு சேர்ந்து முகாமில் இருப்பவனுக்குப் போக வழி உண்டு. ஒரு வீட்டுக்குள் தன்னந்தனியாய் இருக்கிற பெண்ணுக்கும், பாலைவனத்தில் ஆடுகளோடு தனியாய் இருக்கிற ஆணுக்கும் அதில் வழி வைக்கவில்லை. யாருக்கு மிகவும் வேண்டியதோ அவர்களை விட்டுவிட்டுச் செய்த சீர்திருத்தத்தை நான் அரைச் சீர்திருத்தம் என்றுதான் சொல்லுவேன். ஆகவே தாய்மார்களே, வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் "அங்கே போய்ப் பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம்" என்று ஏஜண்டு சொல்லுவதை ஒருக்காலும் நம்பாதீர்கள்.

சிங்கப்பூர் சங்கதியைக் கொஞ்சம் விரிவாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தக் கூட்டத்திலேயே அங்கே மகனையோ தம்பியையோ அனுப்பியிருப்பவர்கள் பாதிப் பேராவது இருப்பீர்கள். அங்கே கட்டட வேலை, கப்பல் பட்டறை முதலியவற்றில் இருப்பவனுக்கு வொர்க் பர்மிட் முடிவதற்கு 40-வது நாளிலிருந்து 21-வது நாள் வரையில் ஒரு வாசல் திறக்கிறது. அந்த இருபது நாளுக்குள் புது முதலாளி மனுப் போட்டால், பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. அதற்கு முன்னாலே மாற வேண்டுமானால் பழைய முதலாளி சம்மதிக்க வேண்டும். அந்த நாள் தாண்டிவிட்டால் அவர் புதுப்பிப்பார், அல்லது டிக்கெட் வாங்கி அனுப்பிவிடுவார்.

என் தங்கை மகன் அங்கே இருந்தான். ஓவர்டைம் காசு மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. வேறு கம்பெனி ஒன்று அவனை எடுத்துக்கொள்ளத் தயாராய் இருந்தது. ஒருநாள் எனக்குப் போன் செய்து, "மாமா, என் பர்மிட் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, என்ன செய்ய?" என்றான். பதினெட்டு! மூன்று நாளைக்கு முன்னால் கேட்டிருந்தால் அவன் அங்கே இருந்திருப்பான். பர்மிட் முடிகிற தேதி அவனுக்கு ஏன் தெரியவில்லை? அட்டை அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. அந்த அட்டையிலுள்ள கட்டத்தை எஸ்.ஜி. வொர்க்பாஸ் என்கிற செயலியில் காட்டினால் தேதி வந்துவிடும். அவன் சினிமாப் பாட்டுக் கேட்க நாலு செயலி வைத்திருந்தான், இதை வைத்திருக்கவில்லை. அவனைக் குற்றம் சொல்லி என்ன? அவன் புறப்படும்போது நாங்கள் மூன்று கோவில் பிரசாதத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். இந்த 40, 21 என்கிற இரண்டு எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் திரும்பி வந்தபோது கடனில் பாதிதான் அடைந்திருந்தது. தங்கையின் கழுத்துச் சங்கிலி இன்னும் வங்கியில் இருக்கிறது.

புது முதலாளி ஒருவனை எடுத்துக்கொள்ள ஏன் சம்மதிக்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். அது இரக்கத்தினால் அல்ல, கணக்கினால்தான். சிங்கப்பூரில் ஒவ்வோர் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளி மாதாமாதம் சர்க்காருக்கு லெவி என்று ஒரு வரி கட்ட வேண்டும். 2024 முதல் கட்டடத் தொழிலில் உயர்ந்த திறமை வகுப்பில் பதிந்த ஆளுக்கு 500 டாலர், சாதாரண வகுப்பு ஆளுக்கு 900 டாலர் என்று வைத்திருக்கிறார்கள். அதாவது ஒரு பரீட்சை தேறி மேல் வகுப்பில் பதிந்துகொண்ட ஆள், தன் முதலாளிக்கு மாதம் 400 டாலர் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறான். அவன் வேலை தேடும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அவனையே தேடிக்கொண்டு வருவார்கள். சவூதியிலும் குழாய் பற்றவைக்கிறவர்களில் கடினமான சோதனை தேறிச் சான்று வைத்திருப்பவனுக்கு இருந்த மரியாதையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் புல்தரையில் உட்கார்ந்து பேசுவது வேண்டாமென்று சொல்லவில்லை. வாரம் ஆறு நாள் வெயிலில் நிற்கிறவனுக்கு அதுவும் வேண்டியதுதான். ஆனால் அந்த நாளில் இரண்டு மணி நேரத்தை ஒரு பரீட்சைக்குக் கொடுத்தவர்கள் பிற்பாடு அப்படிச் செய்ததற்காக வருத்தப்பட்டதை நான் கேட்டதில்லை.

இனி, வேலை மாறுகிறவனை மறிப்பது வெளியில் இருக்கிற சட்டம் மாத்திரந்தானா? நம்மிடத்திலேயே இருக்கிற இரண்டொரு காரியமும் இருக்கிறது. முதலாவது, "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று சொல்லிக்கொண்டு, வேறு வேலை தேடுவதையே துரோகம் போல் நினைப்பது. தோழர்களே! யார் யாருக்கு உப்பிட்டார்கள்? ஐம்பது டிகிரி வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்து, அதற்கு ஒப்புக்கொண்ட சம்பளத்தில் முக்கால் பாகத்தை வாங்கிக்கொண்டவன் யாருக்கு நன்றி செலுத்த வேண்டும்? கூலி என்பது பிச்சையா? நாம் வேலையைக் கொடுத்தோம், அவர் பணத்தைக் கொடுத்தார், கணக்கு நேர். அதிலும் அவர் குறைத்துக் கொடுத்திருந்தால், பாக்கி நிற்பது அவர் பக்கம். வேறு இடத்தில் வேலை கேட்பது கடனை ஏமாற்றி ஓடுவது போல் ஏன் தலைகுனிந்து செய்ய வேண்டும்?

இதற்கு முதலாளிகள் பக்கத்துச் சமாதானம் ஒன்று உண்டு. "விசாவுக்குப் பணம் கட்டினோம், டிக்கெட் வாங்கினோம், வேலை கற்றுக் கொடுத்தோம், ஆறாம் மாதத்தில் அடுத்தவன் கொத்திக்கொண்டு போனால் எங்கள் கதி என்ன?" என்கிறார்கள். இதை முழுவதும் பொய் என்று சொல்ல மாட்டேன். சிறு முதலாளிக்கு அது நஷ்டந்தான். அதற்காகத்தான் ஒரு வருஷம் இருக்க வேண்டும், முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிற நிபந்தனைகள் இருக்கின்றன. அதை நாமும் மதிக்க வேண்டியதுதான். ஆனால் டிக்கெட்டுக்குப் போட்ட பணத்துக்காக ஒரு மனிதனை ஆயுள் பரியந்தம் அடைத்து வைக்கலாமா? அல்லாமலும், அநேக கம்பெனிகளில் அந்த விசாச் செலவே தொழிலாளி இங்கே ஏஜண்டிடம் கட்டிய பணத்திலிருந்து போனதென்பதை நாம் அறியாதவர்களல்ல.

இரண்டாவது காரியம் வெட்கம். வேலை போய்விட்டது, அல்லது போகப்போகிறது என்பதை வீட்டுக்குச் சொல்லுவதில்லை. கடன் வாங்கியாவது மாதப் பணத்தை அனுப்பிவிட்டு, கடற்கரையில் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். வீட்டிலிருப்பவர்களும் மகன் நன்றாய் இருக்கிறான் என்று புது மாடி கட்டத் தொடங்குகிறார்கள். மாடி எழும்ப எழும்ப அவன் சம்பளத்தைப் பற்றிப் பேரம் பேசும் தைரியம் குறைந்துகொண்டே போகிறது. எந்த வேலையானாலும் ஒப்புக்கொள்ளுகிறான். இந்தக் கூட்டத்திலுள்ள தகப்பனார்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். உங்கள் மகன் அங்கிருந்து "இந்த மாதம் பணம் அனுப்ப முடியாது, வேறு வேலை பார்க்கிறேன்" என்று சொன்னால், "ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்காதீர்கள், "பர்மிட்டில் இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அது நம் ஆட்களே செய்வது. அயல்நாட்டில் நம் ஜில்லாக்காரன், நம் ஜாதிக்காரன் என்று நம்பிப் போனால், "நான் வேலை வாங்கித் தருகிறேன், இரண்டு மாதச் சம்பளம் எனக்கு" என்கிறான். அவன் போர்மனாய் இருப்பான். அவனுக்குக் கங்காணி என்று இன்று யாரும் பெயர் சொல்லுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சிங்கப்பூர்ச் சட்டப்படி வேலை கொடுப்பதற்காகவோ, பர்மிட்டைப் புதுப்பிப்பதற்காகவோ முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது குற்றம். பதிவு பெற்ற ஏஜண்டும் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படியானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் "நம்ம ஆள்தானே" என்று ரசீது இல்லாமல் கொடுக்கிறார்கள். நம்ம ஆள் என்றால் ரசீது கொடுப்பதில் அவனுக்கு என்ன கஷ்டம்?

கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போயிருக்கும் நம் பிள்ளைகள் இதெல்லாம் ஆடு மேய்க்கப் போனவர்களின் சங்கதி என்று நினைத்திருந்தார்கள். எச்-1பி விசாவில் இருப்பவன் வேலையை இழந்தால், 2017 முதல் இருந்துவரும் விதிப்படி, அதிகமாய்ப் போனால் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி மனுப் போட வேண்டும், அல்லது வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது பெண்டு பிள்ளைகளோடு கிளம்ப வேண்டும். 2022-லும் 2023-லும் பெரிய பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கழித்தபோது, கார், வீடு, பள்ளிக்கூடத்தில் குழந்தை எல்லாம் வைத்திருந்தவர்கள் அந்த அறுபது நாளை விரல் விட்டு எண்ணினார்கள். ஜுபைல் முகாமில் இருந்தவனுக்கும் இவர்களுக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்; முடிச்சில் வித்தியாசம் இல்லை. இதைச் சொல்வது அவர்களைப் பரிகாசம் செய்வதற்கல்ல. இரண்டு பேரும் ஒரே கட்டில் இருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தால் நல்லது.

இனி, மாறுவதென்று தீர்மானித்தவன் எப்படி மாறுவது? முக்கியமாய், ஓடிப் போகக் கூடாது. சம்பளம் தரவில்லையென்று கோபித்துக்கொண்டு முகாமை விட்டு ஓடி, தெரிந்தவன் அறையில் ஒளிந்து, கிடைத்த இடத்தில் கள்ளத்தனமாய் வேலை செய்கிறவனைச் சவூதியில் ஹுரூப் என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதிவிட்டால், அதுவரையில் முதலாளி பக்கம் இருந்த குற்றம் நம் பக்கம் வந்துவிடுகிறது. சம்பளப் பாக்கி கேட்டு நின்றவன் பிடிபட வேண்டிய குற்றவாளியாகிவிடுகிறான். கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்தக் கோபத்தினால் லாபமடைகிறவர் முதலாளி. அதே போல் துபாய்க்கு விசிட் விசாவில் போய் வேலை தேடுவதும் உண்டு. தேடலாம், ஆனால் பர்மிட் வரும் முன்னால் வேலையில் நின்றால் அது குற்றம். சம்பளம் கொடுக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

இருக்கிற வேலையை விடுவதற்கு முன்னால் அடுத்த வேலை காகிதத்தில் வந்திருக்க வேண்டும். வாயால் சொன்னதை நம்பி ராஜீனாமாக் கொடுத்தவர்களில் பலரை எனக்குத் தெரியும். பாஸ்போர்ட், ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, இக்காமா இவையெல்லாவற்றையும் முதல் நாளிலேயே போனில் படம் பிடித்து, வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்துவிட வேண்டும். கத்தாரில் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால் 25,000 ரியால் வரையில் அபராதம் என்று 2015-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டால் கொடுக்க வேண்டியவர்கள்தான். கேட்பதற்கு நாக்கு எழும்ப வேண்டும்.

கணக்கும் பார்க்க வேண்டும். சவூதியில் வேலையை விட்டுப் போகும்போது சேவைப் பணம் என்று ஒன்று உண்டு. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம். ஆனால் தானாக ராஜீனாமாக் கொடுத்தால், இரண்டு வருஷத்துக்கு மேல் ஐந்து வருஷம் வரையில் அதில் மூன்றில் ஒரு பாகந்தான். ஐந்து தாண்டினால் மூன்றில் இரண்டு பாகம். 1,200 ரியால் வாங்குகிறவன் நாலு வருஷம் பத்து மாதத்தில் விட்டால் ஏறக்குறைய 970 ரியால். ஐந்து வருஷம் தாண்டி விட்டால் 2,000 ரியால். இரண்டே மாதப் பொறுமைக்கு ஆயிரம் ரியால்! பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்க்கிறவர்கள் இந்த நல்ல நாளையும் கொஞ்சம் பார்க்கக் கூடாதா? ஒப்பந்தத்தில் காலவரை போட்டிருந்தால், இடையில் விட்டதற்கு அவர்கள் நஷ்டஈடு கேட்க இடமிருக்கிறதா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்டில் 2023 முதல் வேலையிழப்புக்கு ஓர் இன்ஷூரன்ஸ் கட்டாயமாகியிருக்கிறது. சிறிய சம்பளக்காரனுக்கு மாதம் 5 திர்ஹாம். ஒரு வருஷம் கட்டியவனை அவன் குற்றமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால், மூன்று மாதம் வரையில் அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 60 கிடைக்கும். தானாக விட்டவனுக்குக் கிடையாது. ஆகையால் "நீயே ராஜீனாமா எழுதிக் கொடுத்துவிடு" என்று மானேஜர் அன்பாய்ச் சொன்னால், அந்த அன்பு எதற்கென்று யோசிக்க வேண்டும்.

ஒருவனாய்க் கேட்டால் நடக்காதது பல பேராய்க் கேட்டால் நடப்பதும் உண்டு. 2016-ல் ஜித்தாவிலும் மற்ற இடங்களிலும் கம்பெனிகள் மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்காமல், ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளிகள் முகாம்களில் சாப்பாடுமின்றித் தவித்தார்கள். படம் எடுத்து அனுப்பினார்கள், வெளிவிவகார மந்திரிக்கு எழுதினார்கள், பத்திரிகைகளில் வந்தது. டில்லியிலிருந்து ஒரு ராஜாங்க மந்திரி நேரில் போனார். ஊருக்குப் போகிறவர்களுக்கு வெளியேறும் உத்தரவும், அங்கேயே வேறு கம்பெனிக்கு மாற விரும்புகிறவர்களுக்கு மாறும் உத்தரவும் சவூதி சர்க்கார் கொடுத்தது. அதற்கு முன் அவர்களில் ஒவ்வொருவரும் தனித்தனியாய் ரிலீஸ் கேட்டு எத்தனை நாள் ஆபீஸ் வாசலில் நின்றிருப்பார்கள்! இன்று நம் எம்பசிகளுக்குப் புகார் எழுத மதத் என்கிற சர்க்கார் வலைத்தளம் இருக்கிறது. எழுதினால் உடனே நடந்துவிடுமென்று நான் சொல்லவில்லை. எழுதிய தேதியும் எண்ணும் நம் கையில் இருக்கும். நாளைக்கு "இவன் புகார் செய்யவே இல்லை" என்று சொல்ல முடியாது.

என் தங்கை மகன் திரும்பவும் சிங்கப்பூர் போயிருக்கிறான். இந்தத் தடவை பர்மிட் முடிகிற தேதியும், அதற்கு முந்தின 40-வது நாளும், 21-வது நாளும் எங்கள் வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்திருக்கிறது. என் தங்கைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த மூன்று கட்டங்களைத் தினம் ஒரு தரம் எண்ணிப் பார்த்துக்கொள்ளுகிறாள்.

நேரமாகிவிட்டது.  மகனுடைய பர்மிட் அட்டையின் படமோ, ஒப்பந்தக் காகிதமோ போனில் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்த பின் போய்விட வேண்டாம். வாசகசாலைத் திண்ணையில் விளக்கு இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கலாம்.